கேச் எத்தனை எம்பி வேண்டும்? கிருஷ்ணகிரியிலிருந்து கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புபவர்களுக்கு

மாம்பழ மண்டிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் சின்னதாக ஒரு ஆபீஸ். போன வருடம் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். ஒன்று எனக்கு, இன்னொன்று பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் சேர்ந்த என் அக்கா மகனுக்கு. இரண்டிலும் தப்பு நடந்தது. என் மெஷினில், எனக்குப் பயன்படாத 96 எம்பி கேச்சுக்கு (ப்ராசஸரோடு சேர்ந்தே வருகிற சின்ன, வேகமான மெமரி) 12,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். அவன் மெஷினில் கேச் பாதிதான் இருக்கிறது என்பதைப் பில் போட்ட பிறகுதான் பார்த்தேன். அதைச் சரிசெய்ய மூன்று தடவை பெங்களூர் பஸ் ஏறினேன்.

கேச் மெமரி பற்றித் தேடினால் பரீட்சைக்கு எழுதுகிற விளக்கம்தான் கிடைக்கிறது. கையில் பணத்தோடு கடையில் நிற்பவருக்கு அது உதவாது. அப்படி நிற்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

1. புது மெஷின் தேவையா என்று முதலில் பாருங்கள்

என் பழைய கம்ப்யூட்டரில் சீசன் கணக்கு ஃபைலைத் திறந்தால் டீ குடித்துவிட்டு வரலாம். "ப்ராசஸர் பழசு, கேச் பத்தலைண்ணா" என்றார்கள் கடையில். நானும் நம்பினேன். வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், உங்களை எரிச்சல்படுத்துகிற அந்த வேலையை ஓடவிட்டுப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் பிரச்சினை ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போட்டால் தீரும். மெமரி நிரம்பி வழிந்தால் ரேம் சேர்க்க வேண்டும். டிஸ்கும் ரேமும் சும்மா இருக்க, சிபியு மட்டும் திணறினால்தான் ப்ராசஸர் பற்றிய பேச்சே வருகிறது. என் பழைய மெஷினில் 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்கும் இருந்தன. கேச்சுக்கும் என் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அதே சிபியு பக்கத்தின் கீழே எல்1, எல்2, எல்3 கேச் எவ்வளவு என்று எழுதியிருக்கும். இவை கேச்சின் மூன்று அடுக்குகள், அடுத்த பகுதியில் சொல்கிறேன். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புது மெஷினோடு ஒப்பிட அது வேண்டும்.

2. கேச் என்ன வேலை செய்கிறது

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி. எட்டி எடுக்கிற அலமாரியில் டப்பாக்கள். அதிலும் இல்லையென்றால் தெருமுனை மளிகைக் கடை. அங்கேயும் இல்லையென்றால் சேலம் லீ பஜார்.

அஞ்சறைப் பெட்டிதான் எல்1 கேச். ஒரு கோருக்கு (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) சில பத்து கேபி மட்டுமே, ஆனால் எடுக்க ஏறத்தாழ 1 நானோ விநாடி போதும். அலமாரியின் மேல்தட்டு எல்2, கீழ்த்தட்டு எல்3. எல்3-யிலிருந்து எடுக்கச் சுமார் 10 நானோ விநாடி. மளிகைக் கடை என்பது ரேம், சுமார் 80 நானோ விநாடி. எஸ்எஸ்டி லீ பஜார்: 80,000 நானோ விநாடி அளவில் ஆகும். அஞ்சறைப் பெட்டியில் கடுகு எடுக்க ஒரு விநாடி என்று வைத்தால், மளிகைக் கடைக்குப் போய்வர ஒன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், லீ பஜாருக்கு ஏறக்குறைய ஒரு நாள். ப்ராசஸர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் கடுகு வரும்வரை வாணலியை வைத்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும்.

அப்படியானால் அலமாரியைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாமே? இங்கே ஒரு கணக்கு. ப்ராசஸர் எல்3-யிடம் 100 தடவை பொருள் கேட்கிறது, 20 தடவை இல்லாமல் போய் ரேமுக்கு ஓடுகிறது என்று வையுங்கள். 100 தடவை 10, அதோடு 20 தடவை 80, மொத்தம் 2,600 நானோ விநாடி. கேச்சை இரண்டு மடங்காக்கினால் தவறும் தடவைகள் பாதியாவதில்லை. சுமார் முப்பது சதவீதம் குறையும் என்பது இத்துறையில் பழக்கத்தில் உள்ள கைக்கணக்கு. 20 என்பது 14 ஆகும். மொத்தம் 2,120. பதினெட்டு சதவீதம் லாபம், நல்லதுதான். ஆனால் உங்கள் வேலையில் முதலிலேயே 100-க்கு 2 தடவைதான் தவறுகிறது என்றால்? 1,160 என்பது 1,112 ஆகும். நான்கு சதவீதம். கேச் அதே இரண்டு மடங்கு, கொடுத்த பணமும் அதே. உங்களுக்குக் கிடைப்பது மட்டும் நாலில் ஒரு பங்குக்கும் கீழே.

3. உங்கள் வேலை எந்த ரகம் என்று பிரியுங்கள்

இதைச் செய்யாமல் விலைப்பட்டியலைத் திறக்காதீர்கள். நான் செய்த பெரிய தப்பு இதுதான்.

ஒரே தகவல் குவியலுக்குள் இங்கும் அங்கும் தாவித் தாவித் தேடுகிற வேலைகளுக்குக் கேச் நன்றாக உதவும். பெரும்பாலான கம்ப்யூட்டர் விளையாட்டுகள், டேட்டாபேஸ், பெரிய புரோகிராமைக் கம்பைல் செய்வது, சிமுலேஷன் எல்லாம் இந்த ரகம். வரிசையாக ஒருமுறை படித்து முடித்துவிட்டு நகர்கிற வேலைகளுக்கு அவ்வளவாக உதவாது. கல்யாண வீடியோவைக் குறுக்கி ஏற்றுமதி செய்வது, ஃபைல் காப்பி போன்றவை அப்படி. அடுத்து எது வரும் என்று ப்ராசஸரே ஊகித்து முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். அங்கே கோர் எண்ணிக்கையும் கிளாக் வேகமும்தான் பேசும். ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் ப்ராசஸர்களில், கேச் கூட்டிய எக்ஸ்3டி மாடல்களில் கிளாக்கைக் குறைத்தே கொடுத்ததுண்டு. ரைசன் 7 5800எக்ஸ் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், 5800எக்ஸ்3டி 4.5 வரைதான். ரெண்டரிங்கில் 32 எம்பி உள்ள பழைய மாடலே முந்தும்.

என் வேலைக்கு வருவோம். ஒரு சீசனில் என்னிடம் சேர்கிற வரிகள் அறுபதாயிரம்: தேதி, விவசாயி, ரகம், எடை, விலை, கமிஷன். வரிக்கு 100 பைட் என்று தோராயமாக வைத்தால் 6 எம்பி. இன்டெலின் கோர் ஐ3-12100 என்ற மாடலில் எல்3 கேச் 12 எம்பி. ஐ5-12400-இல் 18 எம்பி. கணக்கு அதிலேயே அடங்கிவிடுகிறது. 96 எம்பி வாங்கி நான் என்ன செய்தேன்? பெங்களூரா மாங்காய் எடைச்சீட்டை ஏற்ற, லாரி நிறைய இடத்தை வாடகைக்குப் பிடித்த கதைதான். டாலி கணக்கு மென்பொருளுக்கும் இதே பதில். நல்ல எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம், ஒற்றைக் கோர் வேகம், இவை போதும்.

அக்கா மகனுக்கு நேர்மாறு. புரோகிராம் எழுதுகிறான், இரவில் நண்பர்களோடு விளையாடுகிறான். அவனுக்குத்தான் கேச் தேவைப்பட்டது, அவனுக்குத்தான் குறைந்தது.

4. கேச்சுக்கு ஏன் இவ்வளவு விலை

இது தெரிந்தால் கடையில் பேரம் பேசவும், எது உண்மையான விலை வித்தியாசம் என்று எடைபோடவும் முடியும்.

ரேமில் ஒரு பிட் தகவலை வைக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் போதும். கேச் எஸ்ரேம் வகை, அதற்குப் பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர். 32 எம்பி கேச்சில் தகவலை வைக்க மட்டும் 160 கோடி டிரான்சிஸ்டருக்கு மேல் வேண்டும். இவை எல்லாம் சிலிக்கான் தகட்டில் இடத்தைப் பிடிக்கின்றன.

சிலிக்கான் வேஃபர் என்பது 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு. தோசைக்கல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சதுரம் சதுரமாக வெட்டி எடுப்பதுதான் சிப். 80 சதுர மில்லிமீட்டர் சிப் என்றால் ஏறத்தாழ 800 கிடைக்கும். கேச் சேர்த்து அதையே 120 ஆக்கினால் 530 அளவுக்குத்தான் வரும், ஓரத்தில் வீணாவதும் கூடும். அதோடு முடியவில்லை. தகட்டில் ஆங்காங்கே விழுகிற பழுதுகளில் பெரிய சிப்தான் அதிகம் மாட்டும். 100 சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியாக 0.1 பழுது என்று வைத்துக் கணக்கிட்டால், தேறுவது முதலாவதில் 745 அளவு, இரண்டாவதில் 470 அளவு. கணக்குக்காக ஒரு தகட்டின் விலை 10 லட்சம் ரூபாய் என்று கொள்ளுங்கள். சிப் ஒன்றுக்கு 1,340 ரூபாய் ஆனது 2,130-ஐத் தொடுகிறது. பரப்பு கூடியது ஐம்பது சதவீதம், அடக்க விலை கூடியது அறுபது சதவீதம். கேச் பகுதியில் உபரி வரிசைகள் வைத்துப் பழுதைச் சமாளிப்பார்கள் என்பதால் உண்மையில் இழப்பு கொஞ்சம் குறையும். ஆனாலும் போக்கு இதுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. புதிய தொழில்நுட்பம் வரும்போது மற்ற பகுதிகள் சுருங்குகிற அளவுக்குக் கேச் சுருங்குவதில்லை. சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 5 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலும், அதைவிடப் புதிய 3 நானோமீட்டர் முறைகளில் ஒன்றான என்3இ-யிலும், ஒரு பிட்டை வைக்கும் எஸ்ரேம் செல்லின் பரப்பு ஒன்றேதான், 0.021 சதுர மைக்ரோமீட்டர். தகட்டின் விலை ஏறுகிறது, கேச் பிடிக்கும் இடம் அப்படியே நிற்கிறது. அதனால்தான் ஏஎம்டி கேச்சைத் தனித் துண்டாகச் செய்து ஒட்டுகிறது. ரைசன் 7000 எக்ஸ்3டி வரிசையில் கோர்கள் 5 நானோமீட்டர், மேலே ஒட்டிய கேச் 7 நானோமீட்டர். இது எனக்கு மிகவும் பிடித்த புத்திசாலித்தனம்: விலை உயர்ந்த தகட்டில் கேச்சை அடைக்காமல் மலிவான தகட்டில் செய்துகொள்கிறார்கள். ஆனால் ஒட்டுகிற வேலைக்குத் தனிச் செலவு.

வெளியீட்டு விலைகளைப் பாருங்கள். 2024-இல் வந்த எட்டு கோர் ரைசன் 7 9700எக்ஸ், எல்3 32 எம்பி, 359 டாலர். அதே ஆண்டில் வந்த எட்டு கோர் 9800எக்ஸ்3டி, எல்3 96 எம்பி, 479 டாலர். கேச்தான் முக்கிய வேறுபாடு, 120 டாலர் அதிகம். உங்களிடம் சொல்கிற விலையில் இடைவெளி இந்த விகிதத்தைவிட மிக அதிகமாக இருந்தால், இன்னொரு கடையில் கேளுங்கள்.

5. பெட்டி மேல் உள்ள எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

முதலில், கடையில் "கேச் எவ்வளவு" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "கேஷ்" என்று பணத்தைக் கேட்பதுபோலவே காதில் விழும். "எல்3 கேச் எத்தனை எம்பி" என்று முழுசாகக் கேளுங்கள். எல்3 என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விளம்பரங்களில் எல்2-வையும் எல்3-யையும் கூட்டிப் போடுவார்கள். ரைசன் 5 5600-க்கு 35 எம்பி என்று பார்த்தால் அது 32-ம் 3-ம் சேர்ந்தது. ஒன்றைக் கூட்டிய எண்ணோடும் மற்றதைக் கூட்டாத எண்ணோடும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

அடுத்தது, அக்கா மகன் விஷயத்தில் நான் விழுந்த குழி. மூன்று மாடல்களை வைத்துச் சொல்கிறேன். ரைசன் 5 5600, 5500, 5600ஜி. மூன்றும் ஆறு கோர், பெயரும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. 5600-இல் எல்3 32 எம்பி. மற்ற இரண்டிலும் 16. அதே சமயம் 5600ஜி-யில் மட்டும்தான் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. மற்ற இரண்டையும் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும். வெளியான நேரத்தில், 2022 ஏப்ரலில், 5600-க்கு 199 டாலர், 5500-க்கு 159 டாலர். விளையாட்டுக்கென்று வாங்குபவருக்கு அந்த 40 டாலர் கொடுக்கத் தகுந்தது. கிராபிக்ஸ் கார்டே வாங்கப் போவதில்லை என்றால் 5600ஜி தான் சரி, கேச் குறைவை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். இன்டெலில் பெயர்க் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள்.

லேப்டாப் வாங்கும் மாணவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. ரைசன் 7 5800எக்ஸ் என்ற டெஸ்க்டாப் ப்ராசஸரில் எல்3 32 எம்பி, லேப்டாப்பில் வரும் 5800எச்-இல் 16. ரைசன் 5 5600யு-வில் 16, 5500யு-வில் 8 மட்டுமே. முழு மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். "ரைசன் ஃபைவ்" என்பது ஒரு பதிலே அல்ல.

அப்புறம், 64 எம்பி என்று போட்ட ரைசன் 9 5900எக்ஸ், 5950எக்ஸ் போன்றவற்றில் அது இரண்டு 32. ஒரு கோர் தன் பக்கத்து 32-ஐத்தான் வேகமாக எடுக்கும்.

எக்ஸ்3டி பெட்டிகளில் பொதுவாகக் கூலர் ஃபேன் இருக்காது. அதைத் தனியாக வாங்க வேண்டும், பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. பென் டிரைவோடு கடைக்குப் போங்கள்

எனக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த 12,000 மிஞ்சியிருக்கும். உங்கள் வேலையின் உண்மையான ஃபைலைப் பிரதி எடுத்து, பார்ட்டி பெயர்களை மாற்றிவிட்டு, பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ மெஷினில் அதை முதலில் டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்யுங்கள். பென் டிரைவிலிருந்து நேரடியாகத் திறந்தால் பென் டிரைவின் வேகத்தைத்தான் அளப்பீர்கள். போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து, மூன்று தடவை ஓடவிட்டு நடு எண்ணைக் குறியுங்கள்.

நான் கடைசித் தடவை போனபோது இப்படிச் செய்தேன். என் சீசன் ஃபைலை முழுக்கத் திரும்பக் கணக்கிட 18 எம்பி மெஷினுக்கு 11 விநாடி. வீட்டில் என் 96 எம்பி மெஷினுக்கும் 11. கடைப் பையன் இரண்டு தடவை போனை எட்டிப் பார்த்தான்.

பெரும்பாலான கடைகள் இதற்கு மறுப்பதில்லை, கூட்டமில்லாத காலை நேரத்தில் போனால். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

7. கொட்டேஷன், பில், காகிதங்கள்

ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி ஒவ்வொன்றுக்கும் முழு மாடல் எண்ணோடும் தனி விலையோடும் கொட்டேஷன் வாங்குங்கள். "செட்டாக இவ்வளவு" என்கிற விலையில்தான் 5600 இருந்த இடத்தில் 5500 வந்து உட்காரும். விலை ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா சேர்க்காமலா என்று எழுதச் சொல்லுங்கள்.

ப்ராசஸர் பாக்ஸா, டிரேயா என்று கேளுங்கள். சீல் உடையாத பாக்ஸ் ப்ராசஸருக்கு இன்டெலும் ஏஎம்டியும் மூன்று வருட வாரண்டி தருகின்றன. டிரே என்றால் பெட்டியில்லாமல் மொத்தமாக வருவது, வாரண்டிக்கு விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். சீரியல் எண் பில்லில் ஏற வேண்டும்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்குகிறவர்கள், அதுவும் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், இதை இரண்டு தடவை படியுங்கள். கவுன்டரில் சாதாரணமாகப் பில் போட்டால் கர்நாடகத்தின் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி விழும். தமிழ்நாட்டுப் பதிவில் அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் கிருஷ்ணகிரி முகவரியையும் கொடுத்து, மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி பில்லாகப் போடச் சொல்லுங்கள். மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் கேளுங்கள். 60,000 ரூபாய் பில்லில் வரி மட்டும் 9,000-க்கு மேல்.

தொழிலுக்காகக் கடன் எடுப்பதென்றால் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை. வங்கியில் கொட்டேஷன் கேட்பார்கள், ஆதார், பான், பாஸ்புக் நகலும் கொண்டு போங்கள். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இருந்தால் வசதி. அரசு இணையதளத்தில் அது முற்றிலும் இலவசம். அந்தப் பதிவுக்குப் பணம் கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. வட்டியில்லாத் தவணை என்றாலும் பிராசஸிங் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் விழலாம், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. எப்போது வாங்குவது, வந்ததும் என்ன செய்வது

மண்டிக்காரர்கள், கணக்கர்கள் மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மாங்காய் வரத்து தொடங்கியபின் மெஷின் மாற்றினால் இரண்டு நாள் வேலை நின்றுபோகும். பெங்களூர் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், எஸ்.பி. ரோட்டில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. நான் முதல் தடவை ஞாயிறு போய்த்தான் ஒரு நாளை இழந்தேன்.

உள்ளூர்க் கடையில் விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். போக வர பஸ் கட்டணம், ஒரு நாள் வேலை, பழுதென்றால் மறுபடி சுமந்து போவது எல்லாவற்றையும் கூட்டுங்கள். என் கணக்கில் 2,000 ரூபாய் வரை வித்தியாசம் என்றால் கிருஷ்ணகிரியிலேயே வாங்குவது லாபம். அக்கா மகனின் மெஷினை நான் கடைசியில் அப்படித்தான் மாற்றி வாங்கினேன்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் மெஷினை ஆன் செய்யச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ப்ராசஸர் பெயரையும் எல்3 கேச் எண்ணையும் கொட்டேஷனோடு ஒத்துப் பாருங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளிலும் ஒருமுறை பாருங்கள். இரண்டையும் பில்லோடு சேர்த்து ஒரே போட்டோவாக எடுத்துக்கொள்ளுங்கள். எண் ஒத்துவரவில்லை என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காமல் அங்கேயே நின்று பேசுங்கள். வீட்டுக்கு வந்து போனில் பேசியபோது எனக்குக் கிடைத்த பதில், "பெட்டி பிரிச்சுட்டீங்களே அண்ணா" என்பதுதான்.